மங்கம்மா வீட்டுக் கக்கூஸ்

கமோடு வியாழக்கிழமையே வந்து உட்கார்ந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று, மூடியெல்லாம் போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி வீட்டின் பின்பக்கத்தில் அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. கைப்பிடிதான் இன்னும் ஏறவில்லை. பிடித்து எழுந்திருக்க வழியில்லாத கமோடை வைத்துக்கொண்டு என்ன செய்வது, பொட்டு வைத்துக் கும்பிடுவதா? அதுவும் சாயந்திரம் வரப்போகிறவன் ராகேஷ். பெற்ற பிள்ளைதான், ஆனால் குறை கண்டுபிடிப்பதில் அவன் இன்ஸ்பெக்டர்.

விஷயம் இதுதான். மங்கம்மாவுக்கு இரண்டு வருடமாக வலது முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பேக்டரி கேண்டீனில் முப்பது வருடம் நின்றபடியே இட்லி ஊற்றிய கால் அது. வருகிற புதன்கிழமை கோலார் ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன். அங்கே ஒரு சீட்டைக் கொடுத்து, வீட்டில் இதையெல்லாம் தயார் பண்ணி வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். சீட்டில் ஐந்து வரி. ஒன்று, வெஸ்டர்ன் கமோடு. இரண்டு, அதன் இரண்டு பக்கமும் பிடித்து எழ உறுதியான கைப்பிடி. மூன்று, போகிற வழியில் படியோ தடுக்கோ கூடாது. நான்கு, நல்ல வெளிச்சம். ஐந்து, முதல் இரண்டு வாரம் தாங்கிப் பிடிக்க பலமான ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

சீட்டைப் படித்துவிட்டு ராகேஷ் சிரித்தான். "இந்தப் பழைய மைன் லைன் ஊட்ல இதெல்லாம் நடக்கற காரியமாம்மா? பேசாம என் பிளாட்டுக்கு வந்துடு. பெங்களூர் ஒயிட்பீல்டுல, ஏழாவது மாடி, எல்லாம் ரெடியா கீது. லிப்ட் கீது. ரெண்டே ரெண்டு மாசம். நைனாவும் வரட்டும், ஊட்டப் பூட்டிக்கலாம்."

"பூட்டிக்கலாம்" என்ற அந்த ஒரு வார்த்தைதான் மங்கம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. "பூட்ட மாட்டேன்" என்றாள்.

"சரி, சனிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கு கார் எடுத்துனு வரேன். அதுக்குள்ள இந்தச் சீட்டுல கீறதெல்லாம் முடிச்சிருந்தா இங்கயே இரு. இல்லன்னா கெளம்பிடணும். பேச்சு மாறக் கூடாது."

முடியாது என்ற தைரியத்தில்தான் அவன் அப்படிச் சொன்னான். மங்கம்மாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் சரி என்றாள். கோலார் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸில் பிறந்து வளர்ந்த ஒருத்தியிடம் முடியாது என்று பந்தயம் கட்டினால் அவள் பின்னே என்ன சொல்வாள்?

கொத்தனார் மேஸ்திரி வியாழக்கிழமை வந்து பழைய குழியின் மேல் கமோடைப் பதித்தார். பின்கதவுப் படியைச் சரிவாக்கிப் பூசினார். ஒன்றும் மூன்றும் முடிந்தது. கைப்பிடி போட சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறேன் என்றவர், ஆச்சரியமாக ஏழு மணிக்கே வந்தும்விட்டார். சுவரில் காதை வைத்தார், இரண்டு விரலால் தட்டினார், உதட்டைப் பிதுக்கினார்.

"இது தட்டி சொவரும்மா. உள்ள மூங்கில் தட்டி, மேல சுண்ணாம்பு. ட்ரில் போட்டா அந்தப் பக்கம் ரெபேக்காம்மா ஊட்டு மாதா படத்துல போயி நிக்கும். கைப்பிடிய நான் மாட்டிட்டுப் போயிடுவேன். நீங்க பிடிச்சி எழுந்தா சொவரும் உங்க கூடவே எழுந்து வரும்."

"நூறு வருஷமா நிக்குது இந்தச் சொவரு" என்றாள் மங்கம்மா.

"நிக்கும்மா. நீங்க இழுக்காத வரைக்கும் நிக்கும்."

சொல்லிவிட்டு அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். பளபளவென்று இரண்டு ஸ்டீல் கைப்பிடிகளும் காகிதம்கூடப் பிரிக்காமல் கமோடின் மூடி மேல் கிடந்தன. ராஜப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரையே பார்த்தபடி நின்றார். மங்கம்மாவின் புருஷன், ராகேஷின் நைனா. தங்கச் சுரங்க மைனில் டிம்பர்மேனாக, பாறை சரியாமல் இருக்க இருபத்திரண்டு வருடம் மரமுட்டு போட்டவர். மைனை மூடின பிறகு விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பிடித்து பெங்களூரில் பதினெட்டு வருடம் ஏதேதோ கேட்டுகளில் செக்யூரிட்டியாக நின்றவர். பேச்சு குறைவு, இருமல் அதிகம். ஒரு காது சரியாகக் கேட்காது, அதுவும் வேண்டாத பேச்சு வரும்போது சுத்தமாகக் கேட்காது.

"இன்னா பாத்துனு நிக்கறீங்க? சட்டைய போடுங்க. கடைக்குப் போலாம்" என்றாள் மங்கம்மா.

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் ஒன்பது மணிக்கே கால் வைக்க இடமில்லை. முதலில் லேபில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கினார்கள். பிறகு நாலாவது வரிக்காக ஒரு எல்இடி பல்பு, இருப்பதிலேயே பெரியது. "ஹால்ல போடறதுக்கா?" என்று கடைக்காரன் கேட்டான். "இல்ல, கக்கூஸ்ல" என்று மங்கம்மா மார்க்கெட்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். அவளுக்கென்ன வெட்கம்.

ஹார்டுவேர் கடை மஞ்சுநாத் பாதி தமிழும் பாதி கன்னடமுமாகப் பேசுகிற நல்ல மனுஷன். சுவரின் கதையை முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். "ஆகல்லம்மா. அந்த சுவத்துல எந்த போல்ட்டும் நிக்கல்ல. தரையில நிக்கற ஸ்டாண்டு ஒண்ணு வருது, பெங்களூர்லேர்ந்து வரவழைக்கணும். மங்களவாரம் குடுக்கறேன்."

செவ்வாய்க்கிழமையாம். செவ்வாய்க்கிழமைக்குள் அவள் ஏழாவது மாடியில் இருப்பாள். மங்கம்மாவுக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். அது மூக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. அப்போதுதான் அதுவரை வாயே திறக்காமல் ஆணி டப்பாக்களைப் பார்த்துக்கொண்டிருந்த ராஜப்பா திரும்பினார்.

"சொவரு இன்னாத்துக்கு? ஒரு முட்டு போட்டுடலாம்."

"இன்னா முட்டு?"

"மைன் உள்ள போடுவோம்ல. கீழேர்ந்து மேல வரைக்கும் ஒரு கம்பம். தலையில பலகை வெச்சி ஆப்பு அடிச்சா, மலையே எறங்கினாலும் அசையாது. அதுல கைப்பிடிய திருகிடலாம். ஒரு பக்கத்துக்கு ஒண்ணு போட்டுப் பாக்கலாம், நின்னா இன்னொண்ணு."

மனுஷன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி எத்தனை நாளாயிற்று என்று மங்கம்மா யோசித்தாள். அவர் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மரக்கடையில் ஒன்பதடியில் ஒரு நீலகிரித் தைலமரக் கம்பம் எடுத்தார்கள். ராஜப்பா ஒவ்வொரு கம்பத்தையும் சுத்தியால் தட்டித் தட்டி, நல்ல காதைக் கிட்டே வைத்துக் கேட்டு, பதினோராவது கம்பத்தில்தான் திருப்தியானார். கடைக்காரன் கொட்டாவி விட்டான். ஆட்டோக்காரனோ கம்பத்தைப் பார்த்ததும் மாட்டேன் என்றுவிட்டான்.

"போன வாரம் இதே ஆட்டோல ரெண்டு ஆட்ட ஏத்தினு போனே, நான் பாத்தேன்" என்றாள் மங்கம்மா. "ஆடாச்சும் கத்தும். இது சும்மாதான கெடக்கும்?"

கம்பத்தின் ஒரு முனை டிரைவரின் தோளை உரச, மறு முனை பின்னால் நான்கடி நீட்டிக்கொண்டு நிற்க, அவர்கள் வீடு வந்து சேர்ந்தார்கள். வழியெல்லாம் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள் மங்கம்மா. மைன் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கமிருந்து காற்று அடித்து இரண்டு பேர் தலையும் சாம்பல் பூத்திருந்தது.

பன்னிரண்டரைக்கு வேலை ஆரம்பமானது. ராஜப்பா கமோடுக்கு வலது பக்கம் கம்பத்தை நிறுத்தினார். கூரையைத் தாங்கும் சட்டத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு பலகையைக் கொடுத்தார். பலகைக்கும் கம்பத்துக்கும் இடையில் இரண்டு ஆப்பைச் செருகினார். பிறகு சுத்தியை எடுத்தார். அறுபத்தாறு வயது ஆள் மாதிரியே இல்லை. மாறி மாறி, அந்த ஆப்பில் ஒன்று, இந்த ஆப்பில் ஒன்று, ஒரே தாளத்தில் அடி விழுந்தது. மங்கம்மா பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாவது அடியில் என்னமோ கிறீச்சிட்டது. மனுஷனுக்குக் கேட்கவில்லை. எட்டாவது அடியில் மேலிருந்து துரு கொட்டியது. ஒன்பதாவது அடியில் பக்கத்து வீட்டு ரெபேக்கா தன் வாசலிலிருந்து, "அண்ணே, உங்க ஊட்டுக் கூரை மேல போவுது" என்று குரல் கொடுத்தாள். பத்தாவது அடியில் தகரத்தின் ஓரம் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு ஒரு சாண் உயர்ந்து, உள்ளே பளீரென்று வெயில் விழுந்தது.

ராஜப்பா நிமிர்ந்து பார்த்தார். சுத்தி கையிலேயே நின்றது. இருபத்திரண்டு வருடம் அவர் ஆப்பு அடித்ததெல்லாம் தலைக்கு மேல் பாறை இருந்த இடத்தில். எவ்வளவு அடித்தாலும் மேலே போகாத பாறை. இங்கே தலைக்கு மேல் இருந்தது தகரம். அந்தக் கை அதை மறந்தே போய்விட்டது.

ஆப்பைத் தட்டி எடுத்ததும் கூரை மறுபடி உட்கார்ந்தது. ரெபேக்கா ஏணியைக் கொண்டுவந்து, தானே ஏறி, நாலு கல்லைத் தூக்கித் தகரத்தின் மேல் வைத்தாள். பிடுங்கிய ஆணி இருந்த இடத்தில் மட்டும் கட்டை விரல் பருமனுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியாக ஒரு கோடு வெயில் நேராகக் கமோடின் மேல் விழுந்தது. மணி ஒன்றே முக்கால்.

ராஜப்பா கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்து இருமினார். இருமி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு தரையைப் பார்த்தபடி, "பேசாம போயிட்டு வந்துடேன் மங்கா. ரெண்டு மாசம்தான. புள்ளையும் ஆசையாத்தான கூப்பிடறான்" என்றார்.

மங்கம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கூரை போனால் போகட்டும், இந்த மனுஷனும் அந்தப் பக்கம் சாய்ந்தால் அவள் என்ன செய்வாள்?

"நம்ம லைன்ல ரெண்டு மாசம்னு போனவங்க எத்தினி பேரு, சொல்லுங்க. கோடி ஊட்டுக்காரங்க ரெண்டு மாசம்னுதான் போனாங்க. மொத மாசம் தகரம் போச்சி, அடுத்த மாசம் கதவு போச்சி. இப்போ அங்க ஆடு மேயுது. அதுக்கு எதுத்த ஊடும் அப்டித்தான். பூட்டினா போச்சிங்க. லைன் ஊட்ட ஆளு இருந்துதான் காப்பாத்தணும்."

ராஜப்பா சுத்தியின் காம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு உங்ககிட்ட சொல்லவே இல்ல" என்றாள் அவள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "போன வருஷம் அவன் பிளாட்ல பதினோரு நாள் இருந்தேன்ல. ஒரு நாள் காத்தாட கீழ எறங்கிட்டுத் திரும்பி வரேன், கேட்ல கீறவன் கேக்கறான், எந்த ஊட்டு வேலைக்குன்னு. நீங்க பதினெட்டு வருஷம் நின்னீங்களே, அந்த மாதிரி ஒரு கேட்ல, அந்த மாதிரி ஒரு சட்டை போட்டுனு. அவன் மேல கோவம் வரல. பாவம், அவனுக்கு இன்னா தெரியும். ஆனா நான் யாருன்னு நானே சொல்லிக்க வேண்டிய எடத்துல எனக்கு இன்னா வேலை? இந்தத் தெருவுல ஒரு நாய்க்குக் கூட நான் யாருன்னு தெரியும்."

சொல்லும்போது அவளுக்கு அவமானம் அன்று மாதிரியே முகத்தில் சூடாக ஏறியது. ராஜப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவரும் எத்தனையோ பேரை அதே கேள்வி கேட்டிருக்கிறார். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

மங்கம்மா சுவரில் சாய்த்து வைத்த கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "மேலதான பாறை இல்ல. கீழ கீதில்ல?"

"இன்னாது?"

"கீழ. இந்த ஊர்ல ரெண்டு அடி தோண்டினா எல்லாம் பாறைதான. இத்த தலையில நிக்க வெக்காதீங்க. கால்ல நிக்க வையுங்க. எனக்குப் பிடிக்கறதுக்கு இடுப்பு ஒசரம் போதும், கூரை வரைக்கும் இன்னாத்துக்கு? ரெண்டா அறுத்தா இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு."

ராஜப்பா எழுந்தார். பாதிக் கம்பம் நாலரை அடி. இரண்டடி மண்ணுக்குள், இரண்டரை அடி வெளியே. கையால் அளந்து பார்த்தார். கமோடில் உட்காருகிற ஆளின் கைக்குச் சரியாக வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் ரம்பத்தைத் தேடப் போனார். நல்ல யோசனை என்று சொன்னால் அந்த மனுஷனுக்கு வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும்.

கடப்பாரை வேலைக்குத்தான் அவரால் முடியவில்லை. பத்து குத்து குத்தினால் ஐந்து நிமிடம் இருமல். ரெபேக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இன்னொரு குழியை எடுத்துக்கொண்டாள். அவளும் மைன் வீட்டுப் பெண்தான், கடப்பாரை பிடிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மங்கம்மாவால் குனியவும் முடியாது, தரையில் உட்காரவும் முடியாது. ஆனால் சும்மா இருக்கவும் முடியாதே. கமோடின் மூடியைச் சாத்தி அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள். உலக்கையைக் கொண்டுவரச் சொன்னாள்.

கம்பங்களைக் குழியில் இறக்கியதும் ராஜப்பா சுற்றிலும் உடைகல்லைப் போட்டார். சிமெண்டு வேண்டாம், காய நாளில்லை, கல்லை இடுக்கி இடித்தால் போதும், உள்ளே அப்படித்தான் செய்வோம் என்றார். ஒரு வரிசை கல், ஒரு வரிசை மண். ஒவ்வொரு வரிசைக்கும் மங்கம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே இடது பக்கம் இருபது, வலது பக்கம் இருபது என்று உலக்கையால் இடித்தாள். முதல் வரிசையை ஒயிட்பீல்டை நினைத்து இடித்தாள். இரண்டாவது வரிசையைக் கேட்டில் நின்றவனின் கேள்வியை நினைத்து இடித்தாள். மூன்றாவதில் யாரையும் நினைக்க மூச்சு இல்லை, சும்மாவே இடித்தாள். தோள் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. கேண்டீனில் மாவரைக்கிற மிஷின் ரிப்பேரான நாட்களில் நானூறு பேருக்குக் கையால் அரைத்த தோள்தான் அது, என்ன ஆகிவிடும்?

நாலரைக்குக் கைப்பிடிகளைக் கம்பத்தில் திருகி முடித்தார்கள். பெரிய பல்பையும் மாட்டினார்கள். போட்டால் கண்ணைக் கூசியது.

"எழுந்திரு மங்கா" என்றார் ராஜப்பா.

"இன்னாத்துக்கு? நான்தான மொதல்ல பாக்கணும்?"

"இல்ல. முட்டு போட்டவன்தான் மொதல்ல அது கீழ உக்காந்து டீ குடிக்கணும். அப்புறம்தான் அடுத்தவன உள்ள விடணும். எங்க கேங்ல அதான் ரூல்."

அது அவர்கள் கேங்கின் வழக்கம். மங்கம்மா அதை அறிவாள். கல்யாணமான புதிதில் அடுப்பங்கரையில் ஒரு பரண் போட்டுவிட்டு, அதற்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து டீ கேட்டவர்தானே இவர். ஆனாலும் கக்கூஸில் டீ என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

"இன்னும் யாரும் போகாத கக்கூஸ்தான அக்கா" என்று சொல்லிவிட்டு ரெபேக்கா டீ போடப் போனாள்.

அப்படித்தான் ஐந்து மணிக்கு ராகேஷ் உள்ளே வந்தபோது, அவனுடைய நைனா கமோடின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணைக் கூசும் வெளிச்சத்தில், இரண்டு கம்பத்துக்கும் நடுவில், நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நைனா, இன்னா இது?"

"செக்கிங்" என்றார் ராஜப்பா. டம்ளரைக் கீழே வைத்தார். இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தார். காலைத் தரையிலிருந்து தூக்கி, முழு உடம்பையும் கையிலேயே தொங்கவிட்டார். கம்பம் அசையவில்லை. பிறகு எழுந்து வழிவிட்டார்.

ராகேஷ் வலது கம்பத்தைப் பிடித்து ஆட்டினான். எண்பத்தைந்து கிலோ ஆள். ஷூ காலைத் தரையில் ஊன்றி இழுத்தான். மூஞ்சி சிவந்ததுதான் மிச்சம். இடது கம்பத்தையும் இழுத்தான். அதுவும் அவனைச் சட்டை செய்யவில்லை. அண்ணாந்து பார்த்து ஓட்டையைக் கண்டுபிடித்தான்.

"கூரையில ஓட்டை கீதேம்மா."

"நாலாவது வரியில வெளிச்சம் வேணும்னு போட்டுக்கீதே. அதான் ரெண்டு எடத்துலேர்ந்து குடுத்திருக்கோம்."

ரெபேக்கா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். ராகேஷ் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தான். மங்கம்மா ரவிக்கையில் செருகியிருந்த பேனாவை எடுத்து, அவன் கையிலிருந்த சீட்டிலேயே ஒவ்வொன்றாக டிக் போட்டாள். கமோடு. கைப்பிடி. படி. வெளிச்சம். நாலு டிக்.

"அஞ்சாவது வரிம்மா" என்றான் ராகேஷ்.

அந்த வரியைத்தான் அவர்கள் இரண்டு பேரும் நாள் முழுக்க வாய் திறந்து சொல்லவில்லை. தாங்கிப் பிடிக்க பலமான ஆள். ராஜப்பா நான் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தார், இருமல்தான் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். ராகேஷ் போய் அவர் முதுகைத் தடவிவிட்டான். தடவிக்கொண்டே அம்மாவைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"நைனாவால உன்ன தூக்க முடியுமா, சொல்லு. கம்பத்த நட்டுட்டீங்க, சரி. நீ வழியில விழுந்தா? ராத்திரியில உனக்கு ஒண்ணு ஆச்சின்னா ஏழாவது மாடியில உக்காந்துனு நான் இன்னா பண்ணுவேன்? நான் உன்ன தோக்கடிக்க வரலம்மா. எனக்கு பயமா கீது."

மங்கம்மா டிக் போட்ட பேனாவை இறக்கினாள். இவ்வளவு நேரம் இவனோடுதான் அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்தால், சின்ன வயதில் மைன் சைரன் ஊதினால் ஓடிவந்து அவள் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்ட அதே பிள்ளைதான் நிற்கிறான். மனசு இளகத்தான் செய்தது. ஆனால் இளகினதற்காகப் பெட்டி கட்டுகிற ஆளா அவள்?

"கார்ல எனக்கு இன்னா எடுத்துனு வந்திருக்கே?" என்று கேட்டாள்.

"பெட்டிதான். உன் துணி வெக்கறதுக்கு."

"காலிப் பெட்டி?"

"ஆமா."

"அத்த காலியாவே திருப்பி எடுத்துனு போ. உன் துணிய போட்டு, மருமக ஷில்பாகிட்ட சொல்லிட்டு, செவ்வாக்கிழமை எடுத்துனு வா. ரெண்டு வாரம். நைனா முதுகையும் பாத்துக்க, என் காலையும் பாத்துக்க. பலமான ஆளுன்னு சீட்டுல போட்டுக்கீது. எனக்குத் தெரிஞ்சி கம்பத்த இழுத்துப் பாத்தது நீ ஒருத்தன்தான்."

ராகேஷ் சட்டைப்பையில் போனைத் தொட்டுப் பார்த்தான். "ஆபீஸும்மா?"

"ரெண்டு வருஷம் ஊட்லேர்ந்தே ஆபீஸ் வேல பண்றேன்னு சொல்லிகினு இருந்தியே, லேப்டாப்ப தொடையில வெச்சினு."

"அது பெங்களூர் ஊட்ல..."

"இதும் ஊடுதான்டா" என்றாள் மங்கம்மா.

அவன் நைனாவைப் பார்த்தான். ராஜப்பாவுக்கு அந்த நேரம் பார்த்து இரண்டு காதுமே கேட்கவில்லை, டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். ராகேஷ் மெதுவாகப் போய் கமோடின் மூடி மேல் உட்கார்ந்தான். மூன்று மணி நேரம் கார் ஓட்டின அலுப்பு. சீட்டு மடியில் கிடந்தது. மங்கம்மா பேனாவை நீட்டினாள். அவன் சீட்டை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தான். அவள் கையை மடக்கவில்லை. கடைசியில் அவன் பேனாவை வாங்கி, ஐந்தாவது வரிக்கு எதிரில் தன் கையாலேயே டிக் போட்டான். பிறகு இரண்டு பக்கக் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு எழுந்தான்.